செவுத்துல நிக்கறது நாந்தானுங்க

சூடத்தை அணைச்சுப் போடுங்க தம்பி. அட, பயப்படாதீங்க, தெய்வக் குத்தமெல்லாம் ஒண்ணும் ஆகாது. சாமியே சொல்றனுங்க, அணைச்சுப் போடுங்க.

நாந்தானுங்க அது. செவுத்துல நிக்கறது. சிரிக்காதீங்க. நல்லா அந்த மீசையைப் பாருங்க, இப்ப இந்த மீசையைப் பாருங்க. இடது பக்க நுனி மேல போகுது, வலது பக்க நுனி கீழ தொங்குது. மீசை மொளைச்ச நாள்ல இருந்தே அப்படித்தான், எந்த எண்ணெய்க்கும் நிக்காது. எந்த ஊர்லயாச்சும் கருப்பராயன் சாமிக்கு ஒரு பக்கம் மீசை தொங்கிப் பாத்திருக்கீங்களா? அதைக்கூட யோசிக்காம மூணு வாரம் இந்த ஊரே விழுந்து விழுந்து கும்பிட்டுதுங்க.

அந்த எலுமிச்சம்பழத்தை இப்படிக் குடுங்க. அக்கட்டால கடையில குடுத்தா உப்புப் போட்டு சர்பத் கலக்கித் தருவாங்க. உங்க பஸ்ஸு ரெண்டே முக்காலுக்கா? அது மூணேகாலுக்கு முன்ன வராது. எனக்குத் தெரியாதா? இருபத்தியொம்பது வருசம் கண்டக்டருங்க நான். பேரு சென்னியப்பன். பதினேழு பி, டவுன் பஸ்ஸு. வாங்க, சித்த நேரம் இந்த நெழல்ல உக்காருங்க, சொல்றேன்.

போன வருசம் தை மாசம்தான் இந்தக் கட்டடத்துக்குக் குடி வந்தாங்க. முன்ன இது நூல் குடோனு. ஒருநாள் காத்தால பாக்கறேன், போர்டு மாட்டியிருக்குது, சமூக மனநல மையம்னு. அந்தப் பச்சை கேட்டு தெரியுதுங்களா, அதான் நம்மூடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவிய, அந்தப் பக்கம் நானு. போர்டைப் படிச்சதும் எனக்கு ஜிவ்வுன்னு ஏறிப்போச்சு. சட்டையை மாட்டிக்கிட்டு நேராப் போனேன். புகார் குடுக்கோணும், யாருகிட்டக் குடுக்கறதுன்னு கேட்டேன்.

உள்ள ஒரு புள்ளை இருந்துச்சு, ஜெசிந்தான்னு பேரு. "உக்காருங்கய்யா, நிதானமாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்"ன்னுச்சு.

நான் எத்தனை ஆபீசுல புகார் குடுத்தவன்! கரண்டு ஆபீசு, தண்ணி ஆபீசு, தாலுகா ஆபீசு. ஒருத்தனாச்சும் நிமிந்து மூஞ்சியைப் பாத்திருப்பானா? இந்தப் புள்ளை முக்கால் மணி நேரம் கேட்டுதுங்க. நடுவுல போன் அடிச்சுது, எடுக்கலை. எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, கடைசியில "ராத்திரி தூக்கம் எப்படிங்கய்யா வருது?"ன்னு கேட்டுது. எங்க வருது, உங்க ஜெனரேட்டர் போடற சத்தத்துலன்னேன். "ஜெனரேட்டர் வர்றதுக்கு முன்ன?"ன்னுச்சு. அதுக்கு முன்னயும் இல்லைன்னேன். அதையும் எழுதிக்கிச்சு. "அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு வாங்க, மிச்சத்தையும் எழுதிக்கலாம்"னு சொல்லி அனுப்புச்சு.

அப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. புதனாப் புதன் போயிருவேன். எனக்குன்னு தனி பைலு போட்டாங்க, இத்தத் தண்டி இருக்கும். நம்பர் போட்டு ஒரு அட்டை குடுத்தாங்க, புகார் நம்பரு. பெரிய டாக்டரம்மா கூட வந்து பாத்துட்டு, ஜெனரேட்டர் சத்தத்துக்கு ஒரு அரை மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. வேற எந்த ஆபீசுல இப்படிப் பண்ணுவாங்க சொல்லுங்க? மத்தவங்க எல்லாம் அங்க வைத்தியத்துக்கு வர்றவங்க, பாவம். நான் வைத்தியத்துக்குப் போகலீங்க. எனக்கென்ன கேடு? நான் போறது புகாருக்கு.

மொத மாசம் ஜெனரேட்டர். ரெண்டாவது மாசம் என்ற மருமகன். மூணாவது மாசம் எங்கப்பன். அவரு போய்ச் சேந்து முப்பது வருசமாச்சு, ஆனாலும் புகார் இருந்துச்சு, குடுத்தேன். நாலாவது மாசந்தான் சந்தைப்பிரிவு.

அதை விடுங்க. அது ஒண்ணுமில்லை.

சேரி, கேக்கறீங்க, சொல்லிப்போடறேன். ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கோணும், ரெண்டு விசில் அடிச்சாப் போகோணும். அன்னிக்கு வியாழக்கிழமை, சந்தைக் கூட்டம். சந்தைப்பிரிவு ஸ்டாப்புல பின்படியில ஒரு பூக்காரம்மா கூடையோட எறங்குச்சு. நான் முன்னாடி சீட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். எறங்கியாச்சுன்னு நெனைச்சு ரெண்டு விசில். அவ்வளவுதான். விழுந்து இடுப்பெலும்பு போச்சு. டிப்போல விசாரணை வெச்சு, என்ற மேல தப்பில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க, காயிதம் பீரோவுல இருக்குது. அப்பறம் எனக்கென்ன? நான் மறந்தே போயிட்டேன். மல்லிப்பூச் சரம் பின் சக்கரத்துல சுத்திக்கிட்டு வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்துச்சு, பதினோரு மணி இருவது நிமிசம், சுத்தமா மறந்தாச்சுங்க. அந்த மாசமே வேலைக்கும் விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டேன். அது முட்டிவலிக்கு. மூணு வருசமாச்சு. அதுக்கப்பறம் மல்லிப்பூவைக் கண்டாத் தும்மல் வருது, அதனால பூக்காரங்க இருக்கற பக்கம் திரும்பறதில்லை. தும்மலுக்கு யாரு என்ன பண்ண முடியும்?

இப்ப செவுத்துக் கதைக்கு வாரேன்.

இந்தச் செவுரு எம்பது அடிங்க. எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்பு. சொல்லவா வேணும்? வர்றவன் போறவனெல்லாம் இங்கதான் ஒண்ணுக்குப் போவான். என்ற பைல்ல முக்கால்வாசி அந்தப் புகார்தான். நான் ஜெசிந்தாகிட்ட நூறு தடவை சொன்னேன், ஊரெல்லாம் பண்ற மாதிரி வரிசையா நாலு சாமி படம் டைல்ஸு ஒட்டுங்க, ஒரு பய கிட்ட வரமாட்டான்னு. அதுக்கு அந்தப் புள்ளை, "இல்லீங்கய்யா, இங்க வர்றவங்களே சேந்து படம் போடலாம்னு இருக்கறாங்க. நீங்களும் வாங்க"ன்னுச்சு. பைத்தியமாம்மா உனக்குன்னு கேட்டுட்டு, அப்பறம் எங்க நின்னு கேக்கறோம்னு ஞாபகம் வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். உள்ள இருந்தவங்க எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அன்னிக்குத்தான் எனக்கும் அவியளுக்கும் பழக்கமே ஆச்சு.

தமயந்தி டீச்சர்னு ஒருத்தங்க. கணக்கு டீச்சர். பதினோரு வருசம் பாடம் நடத்திட்டு ஒருநாள் பேச்சை நிறுத்திப் போட்டாங்க. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுனாப் பெருசு. ஆனா கையில சாக்பீஸைக் குடுத்துட்டா அந்தச் செவுரு பத்தாது. அவங்கதான் கோடு போட்டாங்க. பஸ் ஸ்டாப்பு, புளியமரம், கடைக்காரன் நாயி, கண்ணுல பட்டதெல்லாம். நான் நாலு நாளா செவுத்துக்கு நட்டநடுவுல நின்னுக்கிட்டு, இந்தக் கலரு நிக்காது, அந்த ஏணி சரியில்லைன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தேன். அஞ்சாவது நாள் காத்தால பாக்கறேன், நான் நின்ன எடத்துல நானே நிக்கறேன். பன்னெண்டு அடி ஒசரம்! நவுருன்னு சொன்னாலும் கேக்கமாட்டேங்கறான், மறைச்சுக்கிட்டே நிக்கறான்னு என்னையும் சேத்து வரைஞ்சு போட்டாங்க.

அதுவும் காக்கிச் சட்டையில. இடுப்புல தோல் பை. ரூவா நோட்டை நீளவாக்குல மடிச்சு வெரல் இடுக்குல சொருவி வெச்சுக்குவோமல்லங்க, அது. கன்னம் உப்ப வாயில விசிலு. நான் கண்டக்டர்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருசம் பள்ளிக்கூடத்துக்கு நம்ம பஸ்ஸுலதான் போயிருக்காங்க, எனக்குத்தான் ஞாபகம் இல்லை. டீச்சர், மத்ததெல்லாம் சேரி, அந்த விசிலை மட்டும் அழிச்சுப் போடுங்கன்னு கெஞ்சினேன். "இருக்கட்டும்"னாங்க. அன்னிக்கு அவங்க பேசுன ஒரே வார்த்தை அதுதான். அதுக்கு மேல என்ன வழக்காடறது?

கலரு அடிக்கறதுக்கு அங்க ஒரு மொறை வெச்சிருந்தாங்க. ஒருத்தரு படத்தை ஒருத்தரே முடிக்கக் கூடாது. கேட்டுக்குள்ள யாரு வந்தாலும், நோயாளியோ, கூட வந்தவங்களோ, தபால்காரரோ, பிரசைத் தொட்டு ஒரு இழுப்பாச்சும் இழுத்துட்டுத்தான் போகோணும். எல்லாரும் போட்டதா இருக்கோணுமாம். நல்ல மொறைதானுங்க. ஆனா பாருங்க, காக்கிக் கலரு பாதியில தீந்துபோச்சு. மிச்சத்துக்கு ஒருத்தர் நீலத்தையும் கருப்பையும் கலந்து பூசினாரு. மூஞ்சி கருகருன்னு ஆயிருச்சு. தபால்காரர் பைக்கு மஞ்சள் வெச்சாரு. கண்ணுக்கு செவப்பு வெச்சது யாருன்னு இன்னி வரைக்கும் ஒப்புக்க ஆளில்லை. முடிச்சுட்டு எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தோம். தமயந்தி டீச்சர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாங்க, வெளையாட்டுக்கு.

விடிஞ்சா மக்கா நாள் அமாவாசை. புது மினி லாரிக்காரன் ஒருத்தன் வந்தான். வண்டியை நிறுத்துனான். மேல பாத்தான், செருப்பைக் கழட்டுனான், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டுப் போயிட்டான். அவ்வளவுதானுங்க! அடுத்த நாள் ரெண்டு சூடம். அதுக்கடுத்த நாள் தேங்காய். வெரல் இடுக்குல இருக்கற நோட்டு அவனுகளுக்கு வேலாத் தெரியுது. தோல்பை திருநீத்துப் பையாம். விசிலு சங்காம். பேரு வெச்சானுக பாருங்க, ஊதுகருப்பராயன்! அன்னியோட ஒண்ணுக்குப் போறது நின்னுது. என்ற முக்கியமான புகார், எந்த ஆபீசும் தீக்காத புகார், நானே நின்னு தீத்து வெச்சேன்!

பொய் சொல்லலீங்க, எனக்கு ஒரே சந்தோசம். காத்தால குளிச்சு, மீசை வாரி, செவுத்துக்குப் பக்கத்துல போயி நின்னுக்குவேன், யாராச்சும் கண்டுபிடிக்கறாங்களான்னு. ஒரு பயலும் பாக்கலை. என்ற மேலயே இடிச்சுக்கிட்டு என்னைக் கும்பிட வர்றானுங்க. ஒரு அம்மா, "அக்கட்ட நில்லுங்க பெரியவரே, சாமியை மறைக்காதீங்க"ன்னு என்னைப் புடிச்சுத் தள்ளிவிட்டுட்டு என்கிட்டயே புள்ளை வரம் கேட்டுச்சு. ஊட்டுல வந்து சொன்னா, எங்கூட்டுக்காரம்மா திரும்பிக்கூடப் பாக்கலை. "ஊருக்கெல்லாம் வரம் குடுத்தது போதும், அந்தக் கேஸ் சிலிண்டரைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க"ன்னா.

சாமிக்குப் பக்கத்துலயே பூக்கடையும் வந்துருச்சு. சாக்குப் பையை விரிச்சு ஒரு அம்மா உக்காந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பலை. தும்மல்.

இப்படி ஜேஜேன்னு போய்க்கிட்டு இருக்கறப்பத்தான் டயர் கடை பூபதி நடுவுல பூந்தான். கமிட்டி போட்டான். சாமி நிக்கற எடத்தை விட்டுட்டு மிச்சச் செவுத்தை இடிச்சு, கேட்டை எடுத்துட்டு, சாமியைச் சுத்தி மண்டபம் கட்டறோம்னான். கட்டடத்துக்காரரையும் சரிக்கட்டிட்டான். கோயில் வந்தா ஊருக்கே நல்லதுன்னு அவரு மையத்துக்காரங்களை ஆடிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு.

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு ஜெசிந்தா இதைச் சொல்லுச்சு. நாப்பது மைலு தள்ளி ஒரு எடம் பாத்திருக்காங்களாம். அவ்வளவு தூரம் தமயந்தி டீச்சர் எப்படிப் போவாங்க? மத்தவங்க எப்படிப் போவாங்க? அதெல்லாம் கூட அப்பறம் நெனைச்சதுதான். மொதல்ல நெனைச்சது என்னைத்தான். புதன்கிழமை இல்லைன்னா நான் எங்க போவேன்? வாரத்துல ஏழு நாளையும் நான் எப்படித் தள்ளுவேன்? அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிட்டேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தப் புள்ளை எழுதலை. பேனாவைக் கீழ வெச்சுட்டு, "நீங்க என்ன பண்ணலாம்னு நெனைக்கறீங்கய்யா?"ன்னு கேட்டுது. எப்பவும் இதே கேள்விதான் கேக்கும். எப்பவும் எரிச்சலா வரும். அன்னிக்கு வரலை.

வெள்ளிக்கிழமை காத்தால பத்தரைக்கு மண்டபத்துக்குக் கால்கோள் பூசை. பந்தலு, மைக்கு, ஐநூறு பேரு. நான் பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டேன். வயித்துக்கிட்ட ரெண்டு பித்தான் சேரலை, பையை இழுத்து மறைச்சுக்கிட்டேன். பூசை அலமாரியில கெடந்த விசிலை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். நேராப் போயி மைக்கைப் புடுங்கி, "அய்யா, இது சாமியில்லை, நாந்தான்"னேன்.

சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு! பூபதி மைக்கைத் திருப்பி வாங்கி, "பெரியவருக்கு உள்ள ஒரு எடம் போட்டு வெச்சிருக்காங்க போல, யாராச்சும் கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னான். அப்பறம் இன்னும் சிரிச்சாங்க. எனக்குக் காது மடல் எல்லாம் சுடுது. முன்ன நானும் இதே மாதிரி சிரிச்சவன்தான், அதுதான் இன்னும் சுட்டுது. திரும்பிப் பாத்தா, உள்ள இருந்தவங்க அத்தனை பேரும் கேட்டுக்கு வெளிய வந்து வரிசையா நிக்கறாங்க. தமயந்தி டீச்சர் என்னைப் பாத்து, "விசில்"ன்னாங்க.

மூணு வருசமா அதை நான் வாயில வெச்சதில்லீங்க. பையில இருந்து எடுத்து உதட்டுல வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டு ஒரு விசில் அடிச்சேன். நீளமா ஒண்ணே ஒண்ணு.

க்ரீச்சுன்னு ஒரு சத்தம். கண்ணைத் தொறந்து பாத்தா, ஸ்டாப்பை விட்டுக் கெளம்பிப் போய்க்கிட்டிருந்த பதினேழு பி அப்படியே நிக்குது! டிரைவர் தலையை வெளிய நீட்டி, "யாரு எறங்கோணும்?"ங்கறான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியலை. கமிட்டிக்காரன் குடுத்த நோட்டீஸை நாலா மடிச்சு வெரல் இடுக்குல சொருவிக்கிட்டேன். படத்துல நிக்கற மாதிரியே படத்துக்குக் கீழ நின்னுக்கிட்டுக் கத்தினேன். "மில்லு கேட்டு, செக்போஸ்ட்டு, ரைஸ்மில்லு, கோழிப்பண்ணை, வாய்க்கால் பாலம், ஆசுபத்திரி! ஏறு ஏறு ஏறு! படியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது பாரு, உள்ள போ!"

நம்புவீங்களோ மாட்டீங்களோ, ஐநூறு பேரும் ரெண்டு அடி உள்ள நவுந்தாங்க! பந்தக்கால் சாஞ்சுபோச்சு! பூபதியும் நவுந்தான்! அப்பறம் ஒருத்தன் மேல பாத்தான், என்னைப் பாத்தான், மேல பாத்தான். "அட, நம்ம மீசைக் கண்டக்டரு!"ன்னான். அவ்வளவுதான், கூட்டம் பொங்கிருச்சு.

அந்தச் சத்தத்துக்குள்ள கீழ இருந்து ஒரு குரல். "ஏனுங்க கண்டக்டரே, சந்தைப்பிரிவை விட்டுட்டீங்களே?"

பூக்கடை அம்மா. கைத்தடியை ஊனிக்கிட்டு எந்திரிச்சு நிக்குது. இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்குது. மாராத்தான்னு பேரு. விசாரணைக் காயிதத்துல படிச்ச பேரு, எனக்கு மறக்குமா? மூணு வாரமா என்ற காலுக்குக் கீழ உக்காந்து எனக்கே பூ வித்திருக்குது.

"என்னைத் தெரியுதா?"ன்னேன்.

"மீசையைப் பாத்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா யாருகிட்டயும் சொல்லலை?"

"ஒரு நாளைக்கு நாப்பது மொழம் ஓடுது, நான் எதுக்குச் சொல்றேன்?"

கூட்டம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தம்மா கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லுச்சு. "நான் எறங்கிட்டனுங்க அன்னிக்கு. சின்னக் கூடை ஒண்ணு படியில நின்னுபோச்சு, அதை எடுக்கத் திரும்ப ஒரு காலை வெச்சேன். பாதி உங்க தப்பு, பாதி என்ற தப்பு. ஆசுபத்திரில வெச்சுச் சொல்லலாம்னு ஒரு மாசம் வாசலைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க எட்டியே பாக்கலை."

எட்டிப் பாக்கலைதானுங்க. தப்பில்லைன்னு எழுதி வாங்கறதுக்கு நாலு மாசம் அலைஞ்சேன், அந்த ஆசுபத்திரிக்கு ஒரு எட்டுப் போகலை. "மன்னிச்சுக்க தாயி"ன்னேன், அவ்வளவு பேருக்கு முன்னால. அந்தம்மா தடியால பஸ்ஸைக் காட்டுச்சு. "வண்டி நிக்குது பாருங்க. நான் எறங்கியாச்சு. இப்ப அடிங்க ரெண்டு."

"சந்தைப்பிரிவு!"ன்னு தொண்டை கிழியக் கத்திட்டு, அடிச்சேன். ரெண்டு விசில். வண்டி போயிருச்சு. நான் அழுதனாம், சிரிச்சனாம், ரெண்டையும் சொல்றாங்க, எனக்குத் தெரியலை. தும்மல் மட்டும் வரலை, அது நல்லா ஞாபகம் இருக்குது.

அப்பறம் கோயிலாவது மண்டபமாவது! ஒவ்வொருத்தரா என்ற மேல புகார் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மழையில நிறுத்தாம போனீங்க, என்ற ஆட்டுக்குட்டியை எறக்கிவிட்டீங்க, காலேஜு படிக்கறப்ப எல்லாரு முன்னாடியும் திட்டினீங்கன்னு. பூபதியோட அம்மாவுக்கே ஒரு புகார் இருந்துச்சு. திட்டுன கண்டக்டருக்கு எவன் கோயில் கட்டுவான்? கமிட்டி கலைஞ்சுபோச்சு. கட்டடத்துக்காரர் மக்கா நாளே மையத்துக்காரங்களை இருங்கன்னுட்டாரு. நான் அந்தப் புளியமரத்தடியில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் அத்தனை பேரு புகாரையும் கேட்டேன். எதுத்து ஒரு வார்த்தை பேசலை. ஒவ்வொருத்தரும் முடிச்சப்பறம், என்னை அறியாமலே கேக்கறேன், "ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி வருதுங்க?"ன்னு. ஜெசிந்தா கேட்டுக்கிட்டே இருந்துட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிப்போச்சு.

இப்பவும் வெளியூர்க்காரங்க சூடத்தோட வர்றது நிக்கலை. வந்தா நான் வந்து சொல்லிருவேன், சாமியில்லை, கண்டக்டர்னு. பொழுதும் போகுது.

தோ, தூசி தெரியுது பாருங்க. உங்க பஸ்ஸுதான். என்னங்க, எந்திரிக்கலையா?

ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க தம்பி. கண்டக்டர் கண்ணு எப்பவும் சீட்டு மேலதான் இருக்கும். வந்ததுல இருந்து சட்டைப் பையில இருந்து அந்தச் சீட்டை எடுக்கறீங்க, மடிக்கறீங்க, திரும்ப வெக்கறீங்க. பெரியாசுபத்திரில எழுதிக் குடுத்த சீட்டுதானுங்களே அது? இந்த எடத்துக்குத்தானுங்களே? உங்களுக்கா, ஊட்டுல வேற யாருக்காச்சுமான்னு நான் கேக்கலை. சூடம் பத்த வெச்சதுகூட, அந்தக் கேட்டுக்குள்ள போகாம இருக்க ஒரு சாக்குதானுங்களே?

என்ற இடது முழங்கைக்குப் பக்கத்துல, படத்துல இருக்கற முழங்கைக்கு, அங்கதான் கேட்டு. தாழ்ப்பாள் கெடையாது, தள்ளினாத் தெறக்கும். வைத்தியத்துக்கு வந்தேன்னு சொல்லக் கூச்சமா இருந்தா, புகார் குடுக்க வந்தேன்னு சொல்லுங்க. அந்தப் புள்ளை ஒண்ணும் கேக்காது, எழுதிக்கும். நானும் அப்படிச் சொல்லிக்கிட்டுத்தானுங்களே ஒன்னரை வருசமாப் போய்க்கிட்டிருக்கேன்.

பஸ்ஸு போனாப் போகுது, அடுத்தது நாலரைக்கு. எந்திரிங்க. படி ஏறுங்க, ஏறி உள்ள போங்க. நீங்க உள்ள போற வரைக்கும் நான் விசில் அடிக்கமாட்டேன்.